தாய்க்கொடியில் பூ இல்லை

கூடத்தில் மாமியார் நாற்காலியில் இருந்தார், மாமனார் ஜன்னலோரம், சின்ன மருமகள் கட்டில் விளிம்பில். பெரிய மருமகள் மட்டும் தாளும் பேனாவுமாக மேசையில். வெளியூரில் இருக்கும் கடைசி நாத்தனாருக்குக் கிருஷ்ணகமலக் கொடி வளர்க்கும் முறையை எழுத வேண்டும்.

"சின்னவ வீட்டு வேலியைப் பாத்தியா? அத்தனையும் பூ! கைராசிக்காரி," என்றார் மாமியார்.

அது பெரியவள் தன் கொடியிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டு. தாய்க்கொடியிலோ இலைதான் மண்டிக்கிடந்தது.

"அப்படி என்னடி போட்ட?" என்று சின்னவளைக் கேட்டாள்.

"ஒண்ணும் போடலக்கா, உரம் வைக்க மறந்தே போச்சு. நீங்க அள்ளிப் போடுறீங்க, அது தின்னுட்டு இலையா விடுது."

மாமனார் சிரித்தே விட்டார்.

பெரியவள் எழுதினாள்: கணுவுக்குக் கீழே வெட்டு, அடியிலைகளைக் கிள்ளு, ஈரமணலில் நட்டு நிழலில் வை. உரத்தைப் பற்றி எழுதாவிட்டால் நாத்தனார் வீட்டிலும் வெறும் இலைதான். எழுதினால் பேர் சின்னவளுக்கு. பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

பிறகு, "உரம் அதிகம் போடாதே, பூக்காது. இது நானே வளர்த்துத் தெரிந்துகொண்டது" என்று முடித்தாள். யாரும் படித்துக் காட்டச் சொல்வதற்குள் உறையை ஒட்டி, தானே போய்த் தபால்பெட்டியில் போட்டாள்.