ஓடைக்கரை வரிசை

சுருளிவேல் ரேகை வைக்க மாட்டார். முன்னொரு முறை யாரோ நீட்டிய தாளில் பெருவிரலை அழுத்தி அரை ஏக்கரைத் தொலைத்தவர். அதற்குப் பிறகு தாளோடு வருகிற யாரைப் பார்த்தாலும் அவர் முகம் கடுகடுத்துவிடும்.

காந்திகிராமத்திலிருந்து பிரிஸ்கில்லா என்ற ஆராய்ச்சி மாணவி நிலக்கோட்டைப் பக்கமிருந்த அவர் மல்லிகைத் தோட்டத்துக்கு வந்தபோதும் கையில் ஒரு சம்மதத் தாள் இருந்தது. கூடவே சாம்பல் நிறத்தில் ஒரு கல்.

"ஐயா, ஓடைக்கரையில ஒரு வரிசைச் செடியை மட்டும் எடுத்துட்டு, மண்ணைப் புடிச்சு நிறுத்துற வெட்டிவேர் நடுவோம். கரைமண்ணு கரைஞ்சு வைகை வழியா கடலுக்குப் போகுது. அங்க பவளப்பாறை சாகுது. இது அதுல ஒடைஞ்ச துண்டு."

அந்த ஒரு வரிசைதான் கோடையிலும் காயாமல் பூப்பது.

"வைகை என்னைக்கும்மா கடலுக்குப் போச்சு? ராமநாதபுரம் கண்மாயோட சரி."

"பெருமழைக்குப் போகும்யா."

"போகட்டுமே. கண்மாய் வண்டலை நாங்க வண்டி வண்டியா அள்ளியாந்து கொட்டுறோம். மண்ணு விழுந்தா பாறை செத்துருமாக்கும்!"

"பாறை மாதிரி இருக்குற உசுருய்யா அது. உள்ள பாசி இருக்கு. அந்தப் பாசி வெயில்ல ஆக்குறதுதான் அதுக்குச் சோறு. மண்ணு மூடுனா பட்டினி."

பூப்பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ராமுத்தாய் சிரித்தாள். "கடலையே பாக்காத மனுசன்ட்ட வந்து சொல்றியே தாயி!"

சுருளிவேல் கல்லை வாங்கினார். அதன் பொடித்துளைகளில் எல்லாம் சேறு காய்ந்து அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினார், வரவில்லை. போன ஐப்பசியில் ஓடை புரண்டு மல்லிகைக் கன்றுகள் மேல் சகதி படிந்தது நினைவுக்கு வந்தது. வேருக்கு நல்லதென்று அவர் அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் இலை சுருண்டது. அப்புறம் அவரும் ராமுத்தாயுமாகக் குடம் குடமாய் ஊற்றி இலை இலையாய்க் கழுவினார்கள். பாதிக் கன்று போயிற்று.

"அந்தப் பாறை மேல விழுற சகதிய யாரு கழுவி விடுவா?"

"அதுவே கொஞ்சம் வழிச்சுத் தள்ளும். ரொம்ப விழுந்தா ஏலாதுய்யா."

அவர் கல்லைத் திருப்பிக் கொடுத்தார். "ரேகை வைக்க மாட்டேன். கெளம்பு."

மூன்றாம் நாள் காலை ராமுத்தாய் கூடையோடு வந்தபோது ஓடைக்கரை வரிசையில் நாலு செடி வேர்மண்ணோடு தரையில் கிடந்தது. ஐந்தாவதைச் சுருளிவேல் மண்வெட்டியால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"கிறுக்குப் புடிச்சுருச்சா? பூக்குற செடியப் போயி!"

"மேட்டுல வையி. பொழைக்கிறது பொழைக்கும்." நிமிராமலே சொன்னார். "அந்தப் புள்ளைக்குப் போனப் போட்டு வெட்டிவேர் நாத்துக் கொண்டாரச் சொல்லு. தாளக் கொண்டாந்தா உள்ள விடமாட்டேன்னும் சொல்லு."