விடைபெறும் முறை

குத்தகை முடிந்த மறுநாள், பாலசுப்பிரமணி தன் வீட்டுக் கூரைத் தகரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார். பாட்டன் காலம் தொட்டு ரராவாய் ஆலைக்குக் கரும்பு அனுப்பிய நிலம் அது. ஃபிஜியின் தலைநகர் சுவாவில், இந்தியர் இடம்பெற்ற ஆட்சியைக் கவிழ்த்த அன்றே மகன் சிட்னிக்கு வரச் சொல்லிவிட்டான்.

"நெலத்துக்காரங்க கிராமத்துல சொல்லிட்டுத்தான் போவணும்," என்றாள் மனைவி ப்ரேமிலா.

"பொறந்த மண்ண வுட்டுப் போவ எவன்கிட்ட உத்தரவு கேக்கணும்?" என்று எரிந்து விழுந்தார்.

ஆனாலும், இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றுடன் அந்தக் கிராமத்துக்குப் போனார். விருந்தாளியாக வந்தவன் கிளம்பும்போது, மண்ணுக்குரியவர் முன்னால் அதை வைத்து விடைபெறுவது ஃபிஜி வழக்கம்.

நிலத்துக்குரிய குலத்தின் மூத்தவர் விலியாமே பாயில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் இருவரும் ஒரே ஆற்றில் குளித்தவர்கள். பாலசுப்பிரமணி சம்மணமிட்டு உட்கார்ந்து வேரை முன்னால் வைத்தார்.

விலியாமே அதைத் தொடவில்லை. "இது விருந்தாளி வைக்கிறது," என்றார், ஃபிஜி இந்தியர் பேசும் இந்தியில். "நீ இந்த ஊர்க்காரன். எடுத்துக்கிட்டுப் போ."

"ஊர்க்காரன்னா என் நிலம் எங்கே?" என்று அதே இந்தியில் கேட்டார் பாலசுப்பிரமணி.

விலியாமே கையை நீட்டி வேரை எடுத்துக்கொண்டார்.