பின்சார் போட்ட துணி

சுமத்ராவின் தோபா ஏரியில் படகேறி, நனைந்து என் விடுதிக்கு வந்த பயணிப் பெண், முதுகுப்பையை இறக்கியதும் நாற்காலியில் கிடந்த உலோஸ் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டாள். என் மனைவி இறந்தபோது அவள் அண்ணன் பின்சார் என் தலையில் போட்ட துக்கத்துணி அது. எங்கள் வழக்கப்படி துக்கம் முடிக்கும் நாளில் என் தலையிலிருந்து அவர்தான் எடுக்க வேண்டும். புழுக்கம் தாங்காமல் நான் கழற்றியிருந்தேன். அதை எடுக்கவே வந்தவர் வாசலில் நின்றுவிட்டார்.

"ஏம்மா, உன் புருஷன் செத்துட்டானா?"

"இல்லியே. குளிருது."

"மாப்ள, என் தங்கச்சி துக்கத்த ஊர்சுத்தி தலையில ஏத்திட்டியா?"

பின்சார் துணியை உருவி, அவளுக்குத் தன் சட்டையைக் கொடுத்தார்.

"குனி."

குனிந்தேன். துணி மறுபடி என் தலையில் விழுந்தது.

"இப்ப எடுக்கட்டா?"

"இன்னைக்கு வேணாம் மச்சான்."

அவர் துணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.