மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு

பெயின்ட் பக்கெட்டின் ஒரு பக்கம் மெல்ல உள்வாங்கிச் சரிந்தது. உள்ளே கிளிஞ்சல் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு கொதிக்கும் என்பது ஹெலனுக்குத் தெரியும். பிளாஸ்டிக் பக்கெட்டே இளகிப்போகும் அளவுக்குக் கொதிக்கும் என்று தெரியாது.

“தள்ளுமா. மூஞ்சில தெறிக்கப்போவுது.”

மகன் ஜெரால்ட் மண்வெட்டியோடு ஓடி வந்தான். பின்பக்கச் சந்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் பாதி ட்ரம் ஒன்று இருந்தது. இரும்பு ட்ரம். இருவருமாக அதிலிருந்த தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, கொழகொழவென்று ஓடிய சுண்ணாம்பை வாரி அதற்குள் போட்டார்கள். கால்வாசி மண்ணோடு போயிற்று. விட்டுவிடலாம் என்று ஜெரால்ட் சொல்லிப் பார்த்தான். ஹெலன் ஒரு சவுக்குக் கட்டையை எடுத்து ட்ரம்மைக் கிளற ஆரம்பித்தாள்.

வீட்டுக்குள் அந்தோணி படுத்திருந்தான். ஈரல் கெட்டுப்போயிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில், உலைக்கு முன்னால் நின்றே வயதைக் கழித்தவன் அவன். பங்குனி பிறந்தால் ஹெலன் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வாள். “பர்னஸ்கிட்ட நிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு சூடா?” என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கூரை ராத்திரி முழுக்க அதைக் கீழே இறக்கும். பிள்ளைகள் வளர்ந்ததே அந்த வெக்கையில்தான்.

அதே மனிதன் இந்த வாரம் முழுக்க ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். “எரியுது ஹெலனு.”

ஈரத் துணியை நெற்றியில் போட்டால் போட்டதும் காய்ந்தது. டேபிள் ஃபேன் அனலைத்தான் வாரி வீசியது.

மணவாள நகரில் கட்டிக்கொடுத்த மகள் மோனிகா மத்தியானம் போன் செய்திருந்தாள். அவள் வீட்டில் ஏசி இருக்கிறது. நாளை மத்தியானம் ஆம்புலன்ஸோடு வந்து நைனாவை அழைத்துப் போவதாகச் சொன்னாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அந்தோணி கண்ணைத் திறக்காமலே, “நான் எங்கயும் வரல,” என்றான். மோனிகா அழுதாள்.

“அந்த அடுப்புக்குள்ள போட்டு நைனாவ சாவடிக்காதமா.”

அவன் சொல்வதும் நியாயம், அவள் சொல்வதும் நியாயம். ஹெலன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே வந்து பேசினாள்.

“நாளைக்கு வந்து உள்ள நின்னு பாரு. அடுப்பா இருந்தா நானே தூக்கி வண்டில ஏத்துறன்.”

அதன் பிறகுதான் ஜெரால்டைச் சுண்ணாம்பு வாங்க அனுப்பினாள். அவனுக்குத் தேர்வாய் கண்டிகையில் வேலை. லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான்.

சாயங்காலம் இருவரும் மாடியைக் கழுவினார்கள். கம்பெனிப் புகையின் கரி அப்பிக் கிடந்தது. தென்னந்துடைப்பத்தால் தேய்க்கத் தேய்க்க மை போல ஒழுகியது. விடிவதற்குள் சுண்ணாம்பு ஆறியிருந்தது. பழைய புடவையில் வடிகட்டி, ஃபெவிகால் கலந்து, மட்டைப் பிரஷ்ஷைத் தோய்த்து ஒரு மூலையிலிருந்து ஹெலன் ஆரம்பித்தாள், எதிர் மூலையிலிருந்து ஜெரால்ட். பூசிய இடத்தில் எதுவும் தெரியவில்லை. தரையின் கறுப்பு அப்படியே இருந்தது.

“இன்னாமா இது, கஞ்சித் தண்ணி ஊத்துன மாரி கீது?”

ஹெலனுக்குக் கை எரிந்தது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.

அந்தத் தெருவில் கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கல்யாணத்துக்கு அடிப்பார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிறவன் வீட்டில் விடியற்காலையில் சுண்ணாம்பு அடித்தால் என்ன அர்த்தம் என்று தெருவே கணக்குப் போட்டுவிட்டது. எதிர் வீட்டு அஞ்சம்மாள் தலையை விரித்துப்போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு வாசலேறினாள். ஹெலன் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் கட்டில்வரை போய்விட்டாள்.

அந்தோணி கண்ணைத் திறந்தான்.

“இன்னும் போவலக்கா. போனா சொல்லி அனுப்புறன்.”

அஞ்சம்மாள் மார்பில் அடிப்பதை நிறுத்தினாள். வாசற்படியில் போய் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அது சிரிப்பா அழுகையா என்று ஹெலனுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் முடியை அள்ளி முடிந்துகொண்டு மாடிக்கே வந்துவிட்டாள்.

“சாவுக்குத்தான் ஊட்ட ரெடி பண்றன்னு தெரு பூரா பேசிக்கினு கீதுடி.”

“பேசட்டும். அந்த மூலைல தண்ணி நிக்குது பாரு, தள்ளி வுடுக்கா.”

அஞ்சம்மாள் துடைப்பத்தை எடுத்தாள்.

வெயில் ஏறியது. அடித்து முடித்துக் கீழே வந்து அந்தோணிக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து அஞ்சம்மாள் கூப்பிட்டாள். ஹெலன் படியேறிப் போய்த் தலையை நீட்டினாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. காயக் காயச் சுண்ணாம்பு வெளுத்திருந்தது. மாடி முழுக்க வெள்ளை.

மத்தியானம் மோனிகா வந்தாள். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. செருப்பை உதறிவிட்டு நேராகக் கட்டிலருகே போய் நின்றாள். ஹெலன் சமையலறைக் கதவை விட்டு நகரவில்லை. அந்தோணி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் கிடந்த துணி இன்னும் ஈரமாகவே இருந்தது. மோனிகா அதைத் தொட்டுப் பார்த்தாள். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, டிரைவரைப் போகச் சொல்லும்படி தம்பியிடம் சொன்னாள்.

வண்டி திரும்பும் சத்தத்தில் அந்தோணி விழித்தான்.

“மோடம் போட்டுக்கினு கீதா?”

“மோடமா? வெளிய வெயிலு மண்டைய பொளக்குது,” என்றாள் ஹெலன். “மேல சுண்ணாம்பு அடிச்சிருக்குது.”

அவன் கண் கூரைக்குப் போனது.

“ரெண்டாவது கோட்டு?”

“காய்ட்டும். நாளைக்குக் காலைல.”

சரி என்பதுபோலத் தலையை அசைத்தான். எரிகிறது என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை. சாயங்காலம் மோனிகா டீ போட எழுந்தபோது மூச்சு இருந்தது. டம்ளரோடு திரும்பி வந்தபோது இல்லை.

விடியும்போது ஐஸ் பெட்டி ஹாலின் நடுவில் இருந்தது. வாசலில் ஷாமியானாவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். அழுது முகம் வீங்கிய ஜெரால்டிடம் ஹெலன் போய் நின்றாள்.

“சுண்ணாம்ப கலக்குடா. ஜனம் வரதுக்குள்ள முடிச்சிடலாம்.”

“சாவு ஊட்ல இன்னாடி வேல இது?” என்று அஞ்சம்மாள் தடுத்தாள்.

“வரவங்க குந்தணும் இல்ல?”

முதல் பூச்சை நீளவாக்கில் அடித்திருந்தார்கள். இரண்டாவதைக் குறுக்கில் அடித்தார்கள். கீழே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. மோனிகாவும் புடவையைச் செருகிக்கொண்டு மேலே வந்தாள். வெயில் ஏறுவதற்குள் முடித்து, கையைக் கழுவிக்கொண்டு ஹெலன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நேரம் ஏற ஏற ஷாமியானாவின் கீழே இருக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் சுட்டன. வாசலில் தலையைக் காட்டிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி உள்ளே வந்தார்கள். சுவரோரம் நிறைந்தது. பிறகு கட்டில் போட்டிருந்த இடமும் நிறைந்தது. வந்தவர்கள் எழுந்து போகவில்லை. அஞ்சம்மாள் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டாள்.

காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி ஆட்கள் மாலையோடு வந்தார்கள். சட்டையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. மாலையைப் போட்டுவிட்டு மற்றவர்கள் வாசலுக்குப் போக, தாவீது மட்டும் நின்றான். உலையில் அந்தோணிக்குப் பக்கத்தில் நின்றவன்.

“கொஞ்ச நேரம் இங்கயே குந்திக்கட்டுமா அண்ணி?”

ஹெலன் புடவையை ஒதுக்கிக்கொண்டு, பெட்டியை ஒட்டி நகர்ந்து, அவனுக்கு இடம் விட்டாள்.