அரைக் கட்டை

சிதம்பரத்து ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளன் சார்லஸ் பாட்டைப் போட்டுக் காட்டினான். முதல் வரியிலேயே இளவரசு நிமிர்ந்து உட்கார்ந்தான். யாரோ பள்ளிக்கூடத்துப் பெண் பாடுவதுபோல இருந்தது. பக்கத்தில் மாமனார் தேவசகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது ஜான்சி இல்ல," என்றான் இளவரசு.

"அவுங்கதான் சார். சுருதி அரைக் கட்டை எறங்கி இருந்துச்சு, ஏத்திட்டேன். குரலு மொட்டையா நின்னுச்சு, கொஞ்சம் ஆட்டம் குடுத்தேன். பின்னாடி கீபோர்டு."

ஞாயிற்றுக்கிழமை கடலூர் சர்ச்சில் அவன் மனைவி ஜான்சிக்கு முதலாண்டு நினைவுக் கூட்டம். அதில் ஒலிக்கத்தான் இந்தப் பாட்டு. காய்ச்சலில் போய்ச் சேர்வதற்குச் சில மாதம் முன்பு, இதே அறையில், துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல் அவள் பாடி வைத்த பழைய லத்தீன் பாட்டு. அவள் தனியாகப் பாடி மிஞ்சியது இது ஒன்றுதான்.

அரைக் கட்டை. அவள் உயிரோடு இருந்தபோதே எத்தனை பேர் வாயால் இதைக் கேட்டாயிற்று! முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியப் பாட்டுகளை இன்றைய சுருதியைவிட அரைக் கட்டை தாழ்த்தித்தான் பாடுவது வழக்கம். குரலை நடுங்க விடாமல் நேராக நிறுத்த வேண்டும். அதுதான் அவள் படித்த படிப்பு, அவள் தொழில். நெதர்லாந்தில் பெரிய தேவாலயங்களில் முன்வரிசையில் நின்று பாடியவளை, ஊர் திரும்பியதும் பாடகர் குழுவின் பின்வரிசையில் நிறுத்தினார்கள். சுருதி சேரவில்லையாம். ஒரு கல்யாண வரவேற்பில், வெளிநாட்டில் படித்த பிள்ளைக்கு ஒரு சினிமாப் பாட்டுகூடவா வராது என்று கேட்டார்கள். நெதர்லாந்துக்காரர்கள் மட்டும் என்ன, சேலை கட்டிக்கொண்டு இந்தியப் பாட்டு ஒன்று பாடு என்றார்களாம். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். இளவரசுக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

செத்த பிறகும் திருத்துகிறார்கள்.

அவள் பாடியதை அப்படியே போடச் சொன்னான். சார்லஸ் வேண்டாவெறுப்பாகப் போட்டான். குரல் ஆணி அடித்ததுபோல நின்றது. வரிகளுக்கு நடுவே அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அதையும் சார்லஸ் வெட்டி எறிந்திருந்தது இப்போதுதான் தெரிந்தது.

தேவசகாயம் கடைசி வரை கேட்டார்.

"மாப்ள, மொதல்ல போட்டதே இருக்கட்டும். அதுல புள்ள நல்லாப் பாடுறா. இதப் போட்டா சனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் மாமா. அவ குரலக் கேட்டுட்டுச் சிரிக்கட்டும்."

"பெத்தவன் சொல்றேன்."

"பாடுனவ அவ."

சார்லஸ் பெரியவர் பக்கம் திரும்பிக்கொண்டான். "அங்கிள் சொல்றதுதான் சரி. அவுங்க இருந்திருந்தா அவுங்களே எனக்குத் தேங்ஸ் சொல்லிருப்பாங்க."

இளவரசு எழுந்து, அவன் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கினான். திருத்திய பாட்டை அழித்தான். திரும்ப எடுக்க முடியாதபடி அழித்தான். இது அநியாயம், தன் உழைப்பு என்று சார்லஸ் கத்தியது அவன் காதில் விழுந்தது. ஜான்சி பாடியதைப் பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கடலூரிலிருந்து இருவரும் ஒரே பைக்கில்தான் வந்திருந்தார்கள். திரும்பும்போது தேவசகாயம் ஏறவில்லை. பஸ்ஸில் வந்துகொள்வதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவாரா என்று இளவரசு கேட்டான். அவர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இளவரசு வண்டியைக் கிளப்பினான்.