முந்திக்கொண்ட கண்ணீர்

ராபினுக்கு யூடியூபில் ஒரு சேனல் இருந்தது. அதைப் பார்ப்பவர்களை ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அப்போதும் டிரைவர் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். ஆனாலும் கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, தலை சீவி, கேமரா முன்னால் உட்கார்ந்தால் மனுஷனுக்கு முகத்தில் ஒரு களை வந்துவிடும். கல்யாணத்தன்றுகூட இந்தக் களை இல்லை என்பாள் அவன் மனைவி சோனியா.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேனலுக்குப் பெரிய நாள். வீடியோ கேம் கன்சோல் கம்பெனிக்காரர்கள் இனி வரப்போகும் கேம்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் ஷோ வெளிநாட்டில் நடந்து முடிந்திருந்தது. ராபினுக்கும், வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கும் சோனியாவுக்கும் ஷிப்ட் இருந்ததால் பார்க்க முடியவில்லை. யாராவது வாய் தவறிச் சொல்லிவிடுவார்களோ என்று ராபின் வாட்ஸ்அப் குரூப்புகளைத் திறக்கவே இல்லை. கூட வேலை பார்க்கும் எபினேசர் கேன்டீனில், "அண்ணா, அந்த ஷோல" என்று ஆரம்பித்ததும் தட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஓடியவன் அவன். சர்ச் முடிந்து, பிரியாணி முடிந்து, புருஷனும் பெண்டாட்டியும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஸ்டூல் மேல் இருந்த போன் கேமரா இரண்டு பேர் முகத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்கிறவர் முகம் எப்படியெல்லாம் போகிறது என்று காட்டுவதுதானே இந்தச் சேனலின் பிழைப்பு.

முதலில் ஒரு கார் ரேஸ் வந்தது. நனைந்த ரோட்டில் விளக்கு வெளிச்சம் பளபளத்தது.

"மழ பெய்யுது, ரோட்ல ஒரு பள்ளம் இல்ல. இது எந்த ஊரு?" என்றாள் சோனியா. "இவன நம்ம சிப்காட் ரோட்ல ஒரு ரவுண்டு வுட சொல்லு. அப்ப தெரியும் இவன் ஓட்ற லட்சணம்."

அடுத்தது விவசாய கேம். ராபின் வாயைப் பிளந்தான். "நாத்து ஒண்ணொண்ணும் தனித்தனியா ஆடுது பாரு. இன்னா கிராபிக்ஸ்."

"எங்கம்மா நடவு நட்டு இடுப்பு ஒடிஞ்சிதான் என்ன கம்பெனிக்கு அனுப்பிச்சா. நீ டப்பு குடுத்து நடவு நடப்போறியா? எங்கம்மாவாண்ட சொல்லு, ஓசிலயே நட வுடுவா."

அதற்கும் அடுத்தது வந்ததும் ராபின் எழுந்தே நின்றுவிட்டான். அவர்களுடைய கேம். அதன் இரண்டாம் பாகம்.

முதல் பாகம், ஒரு பெண் தன் கழுதையோடு பாழடைந்த நகரத்தைக் கடந்து போகும் கதை. ஒருவர் மட்டும் ஆடக்கூடியது. இவனுக்குக் காலை ஷிப்ட் என்றால் அவளுக்கு மதியம் என்பதால் ஒரே ஆட்டத்தை இருவரும் மாற்றி மாற்றி ஆடினார்கள். மில்லில் அடுத்த ஷிப்டுக்கு வரும் ரிலீவரிடம், எந்த மெஷின் எப்படி ஓடுகிறது என்று சொல்லி ஒப்படைக்காமல் யாரும் கிளம்ப முடியாது. அந்த வழக்கத்தை ராபின் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தான். "மேற்கு வாசல் வரைக்கும் வந்துட்டேன், மருந்து தீந்துபோச்சி, சூப்பர்வைசருக்குக் கால்ல அடி" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். சூப்பர்வைசர் என்பது அந்தக் கழுதை. நின்ற இடத்தில் நின்று கத்துவதைத் தவிர வேறெதுவும் செய்யாததால் வைத்த பெயர்.

சட்டம் ஒன்றே ஒன்று. முடிவை மட்டும் இருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். கடைசிப் பாலத்தில் நிற்கும் இரும்புப் பூதத்திடம் ராபின் மாசக்கணக்காக உதை வாங்கிக்கொண்டிருந்தான். சோனியாவும் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பதாகத்தான் சொல்லிவந்தாள். இருவரும் ஒன்றாக உட்காரக் கிடைப்பதே ஞாயிறு மட்டும்தான், அதனால் அந்த ஒப்பந்தம் ராபினுக்கு உசிர்.

டிவியில் வெட்டவெளி தெரிந்தது. காற்றடித்தது. அந்தப் பெண் தனியாக நடந்து போனாள். போய் ஒரு மண்மேட்டுக்கு முன்னால் நின்றாள். மேட்டின் மேல் கழுதையின் கழுத்துமணி தொங்கியது.

"சூப்பர்வைசர் போய்ட்டாரா?" என்றான் ராபின். வீடியோவை அன்று சாயந்திரமே போட்டுவிட்டான்.

மறுநாள் வேலை முடிந்து ராத்திரி வந்து போனைத் திறந்தால் எபினேசர் எழுதியிருந்தான்: 'அண்ணா, மணி தெரியறதுக்கு முன்னாடியே அண்ணி கண்ணத் தொடைக்கிறாங்க. முடிவ எப்பவோ பாத்துட்டாங்க. உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க.'

ராபின் வீடியோவைப் பின்னால் தள்ளிப் பார்த்தான். முன்னால் தள்ளிப் பார்த்தான். வெறும் வெட்டவெளிதான் ஓடுகிறது, துப்பட்டா கண்ணுக்குப் போகிறது. நேரே அடுப்படிக்குப் போனான். அரிசியை உலையில் போட்டுவிட்டு சோனியா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்ப முடிச்ச?"

அவள் கை நின்றது. எதை என்று கேட்கவில்லை. "அந்த டேங்க் வெடிச்ச அன்னிக்கு. முடிச்சா அதுவே திரும்பப் பாலத்தாண்ட வந்து நின்னுடுது."

"பாலத்தாண்டதான் நிக்கிதுன்னு சொன்னியே. ரிலீவராண்ட இப்டி பொய் சொன்னா மில்லுல மெமோ குடுப்பாங்க, தெரியுமா?"

"குடு. வாங்கிக்கிறேன்."

ராபினுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அவனுக்கு அது பெரிய பேஜாரு பிடித்த நாள், அவ்வளவுதான். பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியில் டேங்க் வெடித்து, ரோட்டை மூடி, ரிலீவர் வர முடியாமல் போனதால் அடுத்த ஷிப்டையும் அவனே பார்க்க வேண்டியதாயிற்று. போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், அது கேட்டில் லாக்கரில் கிடந்தது.

"சத்தம் கேட்டதும் ஊடே ஆடிச்சி," என்றாள் சோனியா. "உனக்குப் போன் போட்டா எடுக்கல. எந்தக் கம்பெனின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஓடி வந்து பாத்தா போலீசு வுடல. திரும்பி வந்தேன். எதையாவது புடிச்சிக்கணும் போல இருந்திச்சி, கேம் கன்ட்ரோலர எடுத்துப் புடிச்சிக்கினேன். அப்டியே முடிஞ்சிபோச்சி. கழுத சாவுது, நான் அழுவுறேன். கழுதைக்கா அழுதேன்?"

"வந்ததும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உள்ள வந்ததும் நீ இன்னா கேட்ட? சோறு ஆக்காம கேம் ஆடிக்கினு இருந்தீங்களா மேடம்னு கேட்ட. ஆளு முழுசா வந்து நின்னு சோறு கேக்குது, இதுக்கு மேல இன்னா வேணும்னு தோணிச்சி. அதுக்கப்புறம் அத எங்கருந்து சொல்றது."

ராபின் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பீன்ஸைக் கிள்ளினான்.

"அது சரி," என்றான், குரலைச் சரிசெய்துகொண்டு. "நானும் இத்தன மாசமா அதுங்கூட மல்லுக்கட்டுறேன். அந்தப் பூதத்த எப்டி அடிச்ச, அதயாவது சொல்லு."

"தெரியாதுய்யா," என்றாள் சோனியா. "நான் டிவியப் பாக்கவே இல்ல. வாசலத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

ராபின் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கத்தியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சோறு குழைந்துபோகும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.