நல்ல காலின் அளவு

கல்பனா மாடிப்படியில் இறங்கிப் போன சத்தம்தான் முதலில் ஹெப்சிபாவை உறுத்தியது. ஒரு கால் பொத்தென்று விழுந்தது, மறு கால் பூனை மாதிரிப் பதுங்கி இறங்கியது. பொத்து, மெத்து, பொத்து, மெத்து. ‘கால் முழுக்கத் தேறிவிட்டது, விளையாடலாம்’ என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் ஹெப்சிபா தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். தேறிய கால் இப்படியா படியிறங்கும்? எழுந்துபோய் எட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். அதற்குள் இடுப்புவலிக்காரர் ஒருவர் “ஆத்தாடி, அம்மா” என்று முனகிக்கொண்டு கட்டிலில் ஏற ஆரம்பித்துவிட்டார். அவரைத் தாங்கப் போனாள், படியைப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மொத்த வியாபாரம் செய்கிற கடைக்கு மேல் மாடியில்தான் ஹெப்சிபாவின் பிசியோதெரபி கிளினிக். ஊருக்கு அவள் டாக்டரம்மா. ‘நான் டாக்டர் இல்லை’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், யார் கேட்கிறார்கள்? வருகிறவர்களில் பாதிப் பேர் மில்லில் நின்றே முட்டி தேய்ந்தவர்கள். மீதிப் பேர் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் ஓடிப் பழகி, அவசரப்பட்டுக் காலைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகள். இந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவதுதான் அவளுக்குப் பெரிய வேலை. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். ஓடாதே என்றால் தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் விடியுமுன் கண்மாய்க் கரையில் ஓடுவார்கள்.

கல்பனா அப்படியில்லை என்றுதான் அவள் நம்பியிருந்தாள். கூமாப்பட்டி விவசாயி ஆண்டிச்சாமியின் ஒரே மகள் கல்பனா. கபடியில் அவள் பாடிப் போனால் எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள் என்று அந்தப் பக்கம் பேர். போன வருஷம் ஒரு ஆட்டத்தில் ஓடிய வேகத்தில் சட்டென்று திரும்பியபோது இடது முட்டிக்குள் ஜவ்வு அறுந்துபோனது. மதுரையில் ஆபரேஷன் செய்து, தொடையிலிருந்து நார் எடுத்துப் புது ஜவ்வாக வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி ராஜபாளையம் வருவாள். சொன்ன பயிற்சியை எல்லாம் ஒன்று விடாமல் செய்வாள். அப்படி ஒரு பிள்ளையை ஹெப்சிபா பார்த்ததே இல்லை.

“இது மறுபடி அறுந்துச்சுன்னா, பொறவு கபடிங்கிற பேச்சே கெடையாதுட்டி. நடக்குறதே பெரும்பாடாயிரும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“தெரியும்க்கா. அதான ஒங்ககிட்ட வாரேன்” என்றாள் கல்பனா.

கல்பனாவுக்கு வந்த நெருக்கடியும் சாதாரணமானதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் மகளிர் கபடிப் போட்டி. போலீஸ் டீமுக்கு ஆள் எடுக்கிற அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வருகிறார். இந்தத் தடவை விட்டால் கல்பனாவுக்கு வயது தாண்டிவிடும். டீம் கோச் தங்கப்பாண்டியன் நல்ல மனுஷன். “டாக்டரம்மா லெட்டர் இல்லாம நான் ஒன்னக் களத்துல எறக்க மாட்டேன்” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

லெட்டருக்கு ஹெப்சிபா வைத்திருந்த பரீட்சை இதுதான். ஒற்றைக் காலில் நின்று, ஒரே எம்பாக எம்பி, அதே காலில் விழுந்து ஆடாமல் நிற்க வேண்டும். தரையில் ஒட்டியிருக்கும் டேப்பில் தூரத்தை அளப்பாள். முதலில் நல்ல கால், அடுத்து ஆபரேஷன் செய்த கால். நல்ல கால் தாண்டுகிற தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது மற்றக் கால் தாண்ட வேண்டும். தாண்டினால் களம், இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் பயிற்சி. இதில் அவள் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை கல்பனா தாண்டினாள். நல்ல கால் நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர். ஆபரேஷன் கால் நூற்றுப் பன்னிரண்டு. ஹெப்சிபா செல்போனில் கணக்குப் போட்டாள். தொண்ணூற்றைந்து! வெளியே பெஞ்சில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள், கரண்ட் வேறு போய்விட்டிருந்தது. தொண்ணூற்றைந்து என்ற எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, தானே களத்தில் இறங்கி ஜெயித்த சந்தோஷம். லெட்டரை எழுதிக் கொடுத்தாள். கல்பனா காலைத் தொட வந்தாள். “ஏட்டி, காலெல்லாம் தொடாத, போய் ஜெயிச்சிட்டு வா” என்று தோளைத் தட்டி அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் அந்தப் படிச் சத்தம்.

சனிக்கிழமை முழுக்க வேலையில் போயிற்று. ஞாயிறு காலை சர்ச்சில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சத்தம் மறுபடி காதுக்குள் வந்தது. பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. பொத்து, மெத்து. கூடவே நான்கு மாதத்துக்கு முன்னால் கல்பனா கேட்ட கேள்வி ஒன்றும் ஞாபகம் வந்தது. “அக்கா, அப்பம் எம்புட்டு தூரம்ங்கிறது முக்கியமில்ல, ரெண்டு காலும் சமமா இருந்தாப் போதும், அப்பிடித்தான?” ஆமாம் என்று இவளும் வாய் வலிக்க விளக்கினாளே, நல்ல காலோடுதான் ஒப்பிடுவேன், நூற்றுக்குத் தொண்ணூறு என்று! பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க எழுந்து வெளியே வந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நாளும் திறக்காத கிளினிக்கைத் திறந்து, கல்பனாவின் ஃபைலை எடுத்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எழுதிய பக்கத்தில், நல்ல கால் மட்டும் தாண்டிய அளவு இருந்தது. நூற்று ஐம்பத்தொன்று.

நல்ல கால் எப்படிக் குறையும்? அதற்கு என்ன வந்தது? மூன்று மாதப் பயிற்சியில் அது இன்னும் கூடத்தானே வேண்டும்? குறையவில்லை. கல்பனா குறைத்துத் தாண்டியிருக்கிறாள். நூற்று ஐம்பத்தொன்று தாண்டுகிற காலை வைத்துக்கொண்டு, நூற்றுப் பதினெட்டில் அழகாக, ஆடாமல் அசையாமல் விழுந்து நின்று, ‘சரியாக்கா?’ என்று சிரித்திருக்கிறாள். நூற்றுப் பன்னிரண்டை நூற்று ஐம்பத்தொன்றால் வகுத்தாள் ஹெப்சிபா. எழுபத்து நான்கு. எழுபத்து நான்கே எடுத்த காலைக் கபடிக்கு அனுப்பியிருக்கிறாள். முட்டியைக் காப்பாற்ற வேண்டிய தொடை இன்னும் பாதி தூக்கத்தில் இருக்கிறது. முந்தின பக்கத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அடிபட்ட காலையே உற்று உற்றுப் பார்த்தவள், நல்ல காலை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. “அட பாவி மகளே” என்று வாய்விட்டுச் சொன்னாள். கல்பனாவையா, தன்னையா என்று அவளுக்கே தெரியாது.

கல்பனாவின் போன் அணைந்திருந்தது. தங்கப்பாண்டியனின் நம்பர் அவளிடம் இல்லை. ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டாள். அவர் எடுத்தார், ஆனால் அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கி காதைக் கிழித்துக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, கல்பனாவ எறக்காதிய! ஆட்டத்துல எறக்காதிய!”

“ஆட்டமா? ஆமாம்மா, இன்னும் செத்த நேரத்துல நம்ம ஆட்டந்தான்! என்னது? வாரியளா? அட, வாங்கம்மா வாங்க! ஸ்டேஜுகிட்டதான் நிக்கேன், நேரா வந்திருங்க!”

அவருக்கு என்ன கேட்டதோ, போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மனுஷர் எத்தனை மெதுவாகக் குடிக்க முடியுமோ அத்தனை மெதுவாகக் குடித்தார். பஸ் கிளம்பியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடை, மூட்டை, பிள்ளை என்று ஏறினார்கள். மேற்கே மலைமேல் மேகம் கறுத்து இறங்கியிருந்தது. மழை வந்தால் ஆட்டம் நின்றுவிடுமே என்று ஒரு நப்பாசை வந்தது. ஆண்டவரே, ஒரு பத்து நிமிடம் கொட்டித் தீர்த்துவிடு என்று வேண்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. ஃபைல் மடியில் இருந்தது. கல்பனா பாடிப் போவதும், யாரோ அவள் இடது காலைப் பிடித்து இழுப்பதும் கண்ணை மூடினால் தெரிந்தது. கண்ணைத் திறந்தாலும் தெரிந்தது. இழுப்பதுகூட வேண்டாம், வேகமாக ஒரு தடவை திரும்பினாலே போதும் என்று அவள் படித்த படிப்பு சொன்னது.

மடவார் வளாகம் கோயிலைத் தாண்டி, போட்டி நடக்கிற மைதானத்துக்குள் நுழைந்தபோது ஆட்டம் ஆரம்பித்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கல்பனா களத்தில் நின்றாள். இடது முட்டியில் கறுப்பு உறை மாட்டியிருந்தாள். இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள் என்பதில் ஹெப்சிபாவுக்கு மூச்சு வந்தது. தங்கப்பாண்டியன் களத்தின் அந்தக் கரையில் இருந்தார். அவரிடம் சொல்லி அவளை வெளியே எடுத்துவிட்டால் போதும். சுற்றிக்கொண்டு ஓடப் பார்த்தாள்.

“டாக்டரம்மா!” என்று ஒரு கை அவளைப் பிடித்துக்கொண்டது. ஆண்டிச்சாமி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. “வந்துட்டியளா! ஒங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன். வாங்க, மேல வாங்க!”

“அண்ணாச்சி, மொதல்ல அவள வெளிய கூப்பிடுங்க. கால் இன்னும் சரியாகல. ஆட்டத்த நிறுத்தச் சொல்லுங்க!”

ஒலிபெருக்கிக் குழாய் அவர்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. அவர் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வர மறுக்கிறாள் என்று நினைத்துவிட்டார் மனுஷர். இரண்டு இளவட்டங்களும் சேர்ந்துகொண்டார்கள். “கூச்சப்படாதிய மேடம்” என்று கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் ஏற்றிவிட்டார்கள். நம் ஊரில் மேடை ஏறியவரைச் சும்மா விடுவார்களா? சால்வை தயாராக இருந்தது. இவள் வருகிறாள் என்று போனில் கேட்டதுமே ஆளனுப்பிக் கடையில் வாங்கி வைத்துவிட்டார் ஆண்டிச்சாமி.

களத்தில் கல்பனா பாடிப் போயிருந்தாள். ஹெப்சிபா மேடையிலிருந்து பார்த்தாள். கூட்டம் எழுந்து நின்றது. ஒருத்தியைத் தொட்டாள், குனிந்து இன்னொருத்தியைத் தொட்டாள், பிடிக்க வந்த மூன்று பேருக்கு நடுவில் வழுக்கி ஓடிவந்தாள். அவ்வளவு அழகாக இருந்தது. கடவுளே, பத்திரமாக வந்துவிடட்டும், வந்துவிடட்டும் என்று ஹெப்சிபா முணுமுணுத்தாள். கல்பனா நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் வந்துவிட்டாள். இரண்டு புள்ளி. ஒரு சேதாரமும் இல்லை. ஹெப்சிபா மைக் வைத்திருந்தவரிடம் கையை உயர்த்திக் காட்டினாள், ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல. அவர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“நமது வீராங்கனை கல்பனாவின் காலைக் குணமாக்கி, மறுபடியும் களத்துக்கு அனுப்பி வைத்த ராஜபாளையம் டாக்டர் ஹெப்சிபா அம்மா அவர்கள் நம்மிடையே வருகை தந்திருக்கிறார்கள்! அவர்களுக்கு வீராங்கனையின் தந்தை ஆண்டிச்சாமி அவர்கள் பொன்னாடை அணிவிக்கிறார்கள்!”

சால்வை தோளில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. புள்ளி எடுத்த சந்தோஷத்தில் தன் பக்கத்துக் களத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த கல்பனா, தன் பெயரையும் ஹெப்சிபாவின் பெயரையும் கேட்டு, ஓட்டத்தை நிறுத்தாமலே மேடைப் பக்கம் சட்டென்று திரும்பினாள். இடது பாதம் மண்ணில் ஊன்றி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ஹெப்சிபாவைப் பார்த்தாள், அவள் கையிலிருந்த ஃபைலையும் பார்த்தாள். முட்டி உள்பக்கமாகச் சரிந்தது. ஒருத்தியும் அவளைத் தொடவில்லை, பக்கத்தில்கூட யாரும் இல்லை. தானாக விழுந்தாள்.

மேடையிலிருந்து எப்படிக் குதித்தாள், எப்படி ஓடினாள் என்று ஹெப்சிபாவுக்கு நினைவில்லை. மண்ணில் மண்டியிட்டு, உறையைக் கழற்றி, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல முன்னால் இழுத்துப் பார்த்தாள். ஜவ்வு இருந்தால் ஒரு இடத்தில் வெடுக்கென்று தடுத்து நிற்க வேண்டும். நிற்கவில்லை. எலும்பு பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. கல்பனா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போயிருச்சாக்கா?”

ஹெப்சிபா காலை மெல்லத் தரையில் இறக்கி வைத்தாள்.

“அக்கா, வெள்ளிக்கிழம நல்ல கால்ல நான் வேணும்னுதான்...”

“தெரியும்ட்டி. பேசாத.”

“அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதியக்கா. நானே கெடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா அவிய தாங்க மாட்டாவ.” அதுவரை அழாதவள் அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

அதற்குள் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. தங்கப்பாண்டியன் தலையில் கைவைத்து நின்றார். பார்க்க வந்த அதிகாரி தூரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து யாரிடமோ என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்டிச்சாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மகளைப் பார்த்தார், ஹெப்சிபாவைப் பார்த்தார். இப்போது ஒலிபெருக்கியை நிறுத்தியிருந்தார்கள். அவர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

“என்னம்மா இது? சரியாயிருச்சு, வெளாடலாம்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்திய?”

உங்கள் மகள் என்னை ஏமாற்றினாள் என்று சொல்லலாம், ஃபைலில் அத்தாட்சி இருந்தது. நீங்கள் என்னை மேடை ஏற்றாமல் இருந்திருந்தால் அவள் திரும்பியிருக்க மாட்டாள் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். கல்பனாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தன.

“ஆமா அண்ணாச்சி, நான்தான் எழுதிக் குடுத்தேன்” என்றாள் ஹெப்சிபா. “நான்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்.”

ஆண்டிச்சாமி குனிந்து, அவள் தோளில் தான் போட்ட சால்வையை உருவி எடுத்து, நாலாக மடித்து மகளின் முட்டிக்கு அடியில் வைத்தார்.